வாங்கினபடியே இருக்கும் வண்டி

சென்னகிருஷ்ணன் கார் வாங்கியது இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு. வாங்கிய பிறகு அதன்மேல் போட்ட செலவு மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. முதல் தொகை ஊருக்கே தெரியும். இரண்டாவது அவனுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். கடவுளிடமும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருந்தான்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் சிஎன்சி மிஷின் ஆபரேட்டராக இருந்தான். எந்த வேலையிலும் இம்மி பிசகினால் பொறுக்காத மனுஷன். பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக எடுத்த வண்டியை அப்படியே ஓட்ட அவனுக்கு மனசு வரவில்லை. அலாய் வீல் போட்டான். சீட்டெல்லாம் சிவப்பாக்கினான். டிக்கியில் ஸ்பீக்கர் பெட்டி வைத்தான், அதோடு அங்கே ஒரு தேங்காய் வைக்கவும் இடமில்லாமல் போயிற்று. தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றவென்று எடுத்துவைத்த பணம் வண்டியின் பின்பக்கம் ஸ்பாய்லர் என்ற றெக்கையாக முளைத்தது. ஆகவே வண்டி இன்னும் கர்நாடகா நம்பரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியாக ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினான். பார்க்க அழகுதான், சொல்லக் கூடாது. ஆனால் ஸ்பீட் பிரேக்கர் வந்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் இறங்கி நடந்து அந்தப் பக்கம் போய்க் காத்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கில் அவன் மட்டும் இருப்பான். சாவியை இன்றுவரை இன்னொரு கையில் கொடுத்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரான பேரிகையிலிருந்து கல்லாவிக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். வண்டியில் அவன் அம்மா நாராயணம்மா, தரகர் ஆஞ்சப்பன். சென்னகிருஷ்ணனுக்கு வயது முப்பத்துமூன்று. ஏற்கெனவே ஏழு இடம் தட்டிப் போயிருந்தது. ஆனால் இந்தப் பெண் சுவேதாவின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவன் அவனாக இல்லை. சிரிக்கிறாளா, கேலி செய்கிறாளா என்று தெரியாத முகம். இந்த இடமும் போய்விடுமோ என்று நாலு நாளாகத் தூக்கம் இல்லை.

கிருஷ்ணகிரி தாண்டி ஐந்தாவது ஸ்பீட் பிரேக்கரில் இறங்கிய ஆஞ்சப்பன் மறுபடி ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றார்.

"ஏம்பா, ஒன் வண்டி இப்பிடி இருக்கும்னு ஏன் மொதல்லயே சொல்லல?"

"ஏங்க, வண்டிக்கு என்னா கொறச்சல்?"

"அந்தப் பொண்ணு ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டுச்சு. அது தம்பி ஒரு பைக்குப் பைத்தியம். அக்கா சங்கிலிய அடகு வெச்சி சைலன்சர் மாத்தியிருக்கான். 'வண்டிக்குக் கொட்டி அழுவுற ஆளு மட்டும் எனக்கு வேணாம்'னுச்சு. நானு என்னாத்தக் கண்டேன்? 'மாப்ள கார வாங்கனபடியே வெச்சிருக்காரு, ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டல'ன்னு சொல்லிட்டேன்."

நாராயணம்மா பழத்தட்டோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஸ்டிக்கர் மட்டும் ஆறு இருந்தது.

"பெங்களூர் பிரெண்டு வண்டின்னு சொல்லிடு" என்றார் ஆஞ்சப்பன். "நம்பரும் அந்த ஊர் நம்பருதான? யாரு கேக்கப் போறாங்க?"

பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்லச் சொன்ன மாதிரி இருந்தது சென்னகிருஷ்ணனுக்கு. ஆனால் போட்டோ முகம் கண்ணில் நின்றது. சரி என்று தலையாட்டினான்.

கல்லாவியில் பெண் வீட்டு வாசலிலேயே தம்பி விஜயகுமார் நின்றிருந்தான். வந்தவர்களைப் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பார்த்துவிட்டான்.

"சார், யாரு வண்டி சார் இது?"

"பிரெண்டுது" என்றான் சென்னகிருஷ்ணன்.

உள்ளே பெண்ணின் அப்பா கிருஷ்ணப்பன் உட்கார வைத்தார். சுவேதா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தலையைக் குனியாமல் நேராகவே கேட்டாள்.

"உங்க கார வாங்கனபடியே வெச்சிருக்கீங்களாமே?"

"ஆமாங்க. சீட்டு மேல இருக்கற பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கல."

நாராயணம்மா மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அப்போது வண்டியைத் துருவி ஆராய்ந்துவிட்டு விஜயகுமார் உள்ளே வந்தான். "உங்க பிரெண்டை யாரோ நல்லா மொட்டை அடிச்சிருக்காங்க சார். அலாய் வீலு ஒண்ணுத்துக்கும் ஆவாது."

சென்னகிருஷ்ணன் காபியை விழுங்கினான்.

"ஸ்பீக்கர் வயரிங் படு மட்டம். சீட்டு கல்யாண மண்டபத்து சோபா மாதிரி இருக்குது."

அதையும் விழுங்கினான். எதிரில் சுவேதா இருந்தாள், அவளுக்காகப் பொறுத்தான்.

"அந்த ஸ்பாய்லரு இருக்குது பாருங்க, சுத்த டூப்ளிகேட். ரெண்டாயிரம்கூடப் பெறாது."

"யார்ரா டூப்ளிகேட்டுன்றது?" சென்னகிருஷ்ணன் எழுந்தே விட்டான். "பதினாறாயிரம்! பில்லு இருக்குது! மூணு ஞாயித்துக்கெழம பெங்களூர் ஜேசி ரோட்டுல நாயா அலைஞ்சி நானே வாங்கி நானே மாட்டனேன்!"

ஆஞ்சப்பன் வாசலில் விட்ட செருப்பைக் கண்ணாலேயே தேடினார்.

"அப்ப வண்டி யாருது?" என்று கேட்டார் கிருஷ்ணப்பன்.

"என்னுதுங்க." இனி மறைக்க ஒன்றும் இல்லை. "ரெண்டு நாப்பதுக்கு வாங்கனேன். மேல மூணு லட்சத்துப் பன்னெண்டாயிரம் போட்டிருக்கேன். ஸ்டிக்கர் தனி."

"அடப்பாவி! எழுவதாயிரம்னுதானடா எங்கிட்ட சொன்ன!" என்று நாராயணம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் சுவேதாவைப் பார்த்தான். "மன்னிச்சிடுங்க. உங்க போட்டோவப் பாத்ததுல இருந்து, எப்பிடியாச்சும் இந்த எடம் அமையணும்னு இருந்துச்சு. அதான் பொய் சொல்லிட்டேன். நாங்க கெளம்பறோம்."

சுவேதா தம்பியைக் காட்டியபடி அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, இவன் பைக்க யாராச்சும் கொற சொன்னா எவ்ளோ நேரம் தாங்குவான்?"

"ஒரு நிமிஷம் தாங்க மாட்டான். போன வாரம்கூட பால்காரரோட சண்ட."

"இவரு என் எதிர்ல உக்காந்து வீலு, ஸ்பீக்கரு, சீட்டு மூணையும் விட்டுக் குடுத்தாரு. ஸ்பாய்லர்லதான் முடியல, பாவம்." போட்டோவில் இருந்த அதே முகம். கேலிதான்; ஆனால் சிரிப்பும் இருந்தது. "பொய் சொன்னதுக்குத் தண்டம் உண்டு. எனக்குக் காரு ஓட்டத் தெரியும். மெயின் ரோடு வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன். சாவியக் குடுங்க."

சென்னகிருஷ்ணன் பையில் கைவிட்டான். சாவி உடனே கிடைத்தது. அதை வெளியே எடுக்கத்தான் நேரமானது. கொடுத்தான்.

சுவேதா ஸ்டியரிங்கில் உட்கார, அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். துணைக்கு விஜயகுமார் பின்சீட்டில். தெருமுனையில் ஸ்பீட் பிரேக்கர் வந்தது. வண்டி நின்றது.

"எறங்குங்க மாமா" என்றான் விஜயகுமார், தானும் இறங்கியபடி.

சென்னகிருஷ்ணன் இறங்கினான். தன் வண்டி ஓடுவதை வெளியே நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, ஒரு உரசல் சத்தம்கூட இல்லாமல் அந்தப் பக்கம் இறக்கினாள். அவன் ஓட்டி ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

நடந்துபோய்க் கதவைத் திறந்தான்.

"ஸ்பிரிங்க மட்டும் பழையபடி மாத்திடலாம்" என்றாள்.

"சரிங்க. அந்த ஸ்பாய்லரு..."

"அது இருக்கட்டும். அதுக்காகத்தான உண்மையச் சொன்னீங்க."