வாரத்துக்கு மூன்று கணக்கு

1

இந்தக் கதைக்குக் காரணம் என் பீரோ சாவி. அதைக் கேட்டு இரண்டு மாதமாகக் கெஞ்சியவள் என் தம்பி மகள். பூட்டச் சொன்னதும் அவள்தான். (நகை விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருந்தவை கணக்குத் தாள்கள்.)

முதலில் வேறு மாதிரி தொடங்கினேன்: 'கணிதம் என்பது மனித மனத்தின்...' வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

2

அவளை வீட்டில் 'புயல்' என்றுதான் கூப்பிடுவோம். கல்லூரி முதலாண்டுக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள். மூன்றாவது முறையும் போனால் படிப்பே போய்விடும்.

அவளுடைய ஆசிரியை ஒரு பாடத்தின் கணக்குகளை ஒரே நாளில் தரமாட்டார். இன்று மூன்று, அடுத்த வாரம் மூன்று, மறந்தேபோகும் சமயத்தில் இன்னும் மூன்று. புயல் பொறுப்பாளா? போன வருடம் அவரிடம் படித்த ஒருத்தியிடம் எல்லாத் தாள்களையும் வாங்கி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போட்டு முடித்தாள். அதன் பிறகு ஒரு மாதம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

(அவள் திருந்துவதற்காக இங்கே ஒரு மழைக்காட்சி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.)

3

ஐந்தாம் வாரம் ஆசிரியை அவளைக் கரும்பலகைக்கு அழைத்தார். அவள் ஏற்கெனவே போட்ட கணக்குதான். சாக்பீஸோடு நின்றாள்.

"இதைப் போட்டுட்டேன் மேடம்."

"நல்லது. இங்கயும் போடும்மா."

"போட்டது ஞாபகம் இருக்கு மேடம். எப்படிப் போட்டேன்னுதான் மறந்துபோச்சு."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் அன்று மாலை விடைகளையெல்லாம் கிழித்துப் போட்டு, கேள்வித்தாள்களை மட்டும் என்னிடம் நீட்டினாள்.

"பூட்டி வைங்க அத்தை. வாரத்துக்கு ஒரு தாள்தான் தரணும். அழுதாலும் தராதீங்க."

அழுதாள். தரவில்லை.* சில நாள் குளியலறையிலிருந்து "வந்துடுச்சு!" என்று ஒரு கத்தல் கேட்கும். மறந்துபோன கணக்கு திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று தெரியாது, அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன்.

*கணக்குக்கு நான் எட்டாம் வகுப்போடு கும்பிடு போட்டவள். சாவி வைத்திருக்க அது போதும்.

4

நேற்று தேர்வு. இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் முடிவு: நூற்றுக்கு நூறு. நீங்கள் நம்பமாட்டீர்கள். இரண்டாவது முடிவு: அவள் மறுபடியும்... கை வரவில்லை. நான் அத்தை.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்த புயல், "மார்க்க விடுங்க, அது அடுத்த மாசம்தான் வரும்" என்றாள். "ஆறாவது கணக்கு சுத்தமா மறந்துபோச்சு அத்தை. ஆனா பயமே வரல. பேசாம உக்காந்திருந்தேன், தானா வர ஆரம்பிச்சுது."

"முழுசா போட்டியா?"

"எங்க! அதுக்குள்ள பெல் அடிச்சுட்டாங்க."

முடிவு எழுத ஒரே ஒரு வெள்ளைத் தாள் மிச்சம் வைத்திருந்தேன். அதை இழுத்துக்கொண்டு போய் அந்த ஆறாவது கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தேர்வுதான் முடிந்துவிட்டதே என்றேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க அத்தை, நல்லா வருது."

மதிப்பெண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எழுதத் தாள் இல்லை.