நான்கு மணி நேரச் சிவப்பு

அந்த ஏரியைச் சுற்றிப் பத்தொன்பது ஊர்கள் இருந்தன. பேச்சுக்குத்தான் ஏரி, ஒரு கரையில் நின்றால் மறுகரை கண்ணுக்குத் தெரியாது. தென்கரைக்கு ஒரு நிர்வாகம், வடகரைக்கு வேறொரு நிர்வாகம். இரண்டுக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் ஒன்பது வருடங்களுக்கு முன் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எல்லா ஊர்களிலும் தண்ணீரைச் சோதித்து, வரும் எண்களை ஒரே இணையதளத்தில் போட வேண்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று.

அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டவள் தென்கரை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கும் பழைய கோப்பு அலமாரிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். ஏரியின் வரைபடத்தில் ஊருக்கு ஒரு புள்ளி. பச்சை என்றால் இறங்கிக் குளிக்கலாம். மஞ்சள் என்றால் யோசித்து இறங்க வேண்டும். சிவப்பு என்றால் கிட்டவே போகக் கூடாது. அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர். "இந்த ஆபீஸ்லயே பெரிய புள்ளி இவதான்" என்று தட்டச்சுக்காரி இயக்குநர் காதுபடவே சொல்லிச் சிரிப்பாள்.

எண்கள் ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒவ்வொரு கோலத்தில் வரும். ஓர் ஊர்க்காரர் நோட்டுப் புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்புவார், கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருக்கும். இன்னோர் ஊரில் தேதியைத் தலைகீழாக எழுதுவார்கள். ஒழுங்காக அனுப்புகிறவர் என்றால் வடகரைத் துறைமுக ஊரின் ஆய்வகக்காரர்தான். சோதனைத் தண்ணீர் எடுக்கும் பாட்டிலும் கையுமாகத் திரிவதால் அவரைப் பாட்டில் சார் என்று கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாகப் போனில் பேசியும் அவள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. 'குறிப்பு' என்ற கட்டத்தை மற்றவர்கள் காலியாக விட்டுவிடுவார்கள். அவர் மட்டும் வாராவாரம் 'நலம்' என்று எழுதுவார், கடிதம் எழுதுகிற மாதிரி.

அந்தத் துறைமுக ஊரில்தான் அவளுடைய அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். அக்காவின் கணவர் படகுத்துறையில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். கோடை விடுமுறையில் காலை ஏழு மணிக்கு முப்பது பிள்ளைகள் வரிசையாக நின்று தண்ணீரில் குதிக்கும். அதில் அவர்களுடைய பத்து வயது மகளும் ஒருத்தி.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் துறைமுக ஊரின் அறிக்கை வந்தது. பச்சைப் பாசி கக்கும் நஞ்சுக்கு என்று ஒரு கட்டம் உண்டு. அது எட்டைத் தாண்டக் கூடாது. நாற்பத்தாறு என்று இருந்தது. குறிப்பில் 'நலமில்லை' என்று எழுதியிருந்தது.

அவள் உடனே போன் செய்தாள்.

"சார், நடுவுல ஒரு புள்ளி விட்டுப்போச்சா? நாலு புள்ளி ஆறுதானே?"

"நானும் அப்படித்தாம்மா நினைச்சேன். மூணு தடவை பண்ணிப் பார்த்துட்டேன். நாப்பத்தாறேதான்."

"உங்க பக்கம் ஒப்புதல் குடுத்துட்டாங்களா?"

"அனுப்பியிருக்கேன். பார்க்கலாம்னாங்க." அவர் குரல் தணிந்தது. "சனிக்கிழமை படகுப் போட்டி. விடுதியெல்லாம் நிரம்பி வழியுது. பார்க்கலாம்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இருந்தது. ஒரு கரையின் எண்ணை அந்தக் கரை அதிகாரி ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியிட வேண்டும். அதுவரைக்கும் போன வார நிறமே நிற்கும். போன வாரம் அந்த ஊர் பச்சை.

அவள் இயக்குநரிடம் போனாள். கெட்டவர் இல்லை, ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது, அவ்வளவுதான்.

"நம்ம ஊரா இருந்தா இந்த நிமிஷமே போடச் சொல்லிடுவேன். அது அவங்க கரை. விதின்னு ஒண்ணு இருக்கே."

"எந்த விதி சார்? சட்டமா, தலையெழுத்தா?"

அவர் சிரித்தார். "ரெண்டும்தாம்மா."

அன்று மதியமே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பிள்ளைங்களைத் தண்ணியில இறக்காதீங்க. மாமாகிட்டச் சொல்லு."

"ஏன்டி? உன் படத்துல பச்சையா இருக்கே. காலையிலகூடப் பார்த்தேன்."

"அது போன வாரத்துப் பச்சைக்கா."

அக்காவின் கணவர் போனை வாங்கினார். "நீ சொன்னா நான் நம்புறேம்மா. நம்ம பொண்ணை நாளையில இருந்து இறக்க மாட்டேன். ஆனா மத்த பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு என்ன சொல்றது? மச்சினி போன்ல சொன்னான்னா? நீ அதுல சிவப்புன்னு போடு. அடுத்த நிமிஷம் மூடிடறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்காகத்தானே அந்தத் தளமே இருக்கிறது. ஆள் சொன்னால் வதந்தி, அங்கே போட்டால் தகவல்.

புதன்கிழமை ஒப்புதல் வரவில்லை. நான்கு முறை கேட்டு எழுதினாள். நான்கு முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. வியாழக்கிழமை காலை பாட்டில் சார் மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு ஒரே ஓர் எண்ணை மட்டும் அனுப்பினார். ஐம்பத்தொன்று.

வெளியிடும் பொத்தான் அவளுடைய திரையில்தான் இருந்தது. ஒன்பது வருடமாக அடுத்தவர் சொன்ன பிறகு அழுத்தியே பழகிய பொத்தான். பதினொரு மணிக்கு அழுத்தினாள். 'உறுதியாகவா?' என்று ஒரு பெட்டி வந்து கேட்டது. அதையும் அழுத்தினாள். துறைமுக ஊர் சிவந்தது.

ஏரி முழுக்க போன் அலறும் என்று எதிர்பார்த்தாள். ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது, தட்டச்சுக்காரி தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனாள். அக்காவின் கணவர் மட்டும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். நாளை முதல் வகுப்பு கிடையாது என்று ஒவ்வொரு பெற்றோருக்கும் அந்தப் படத்தின் இணைப்பை அனுப்பினார்.

பன்னிரண்டரைக்கு வடகரையிலிருந்து முதல் போன் வந்தது, இயக்குநருக்கு. பிறகு அவருடைய அறைக்கதவு சாத்தியே இருந்தது. மூன்று மணிக்குக் கணினிப் பிரிவு ஆளைக் கூட்டிக்கொண்டு அவளிடம் வந்தார். அவளைத் திட்டவில்லை. "கொஞ்சம் எழுந்திரும்மா" என்றார். அந்த ஆள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ தட்டினான். வடகரையின் ஒன்பது புள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. 'தென்கரை அலுவலகத்தின் தொழில்நுட்பக் கோளாறால் தவறான தகவல் வெளியானது' என்று ஒரு வரி மேலே ஏறியது.

"அந்த நாலு மணி நேரத்துல எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?" என்று அவள் கேட்டாள்.

கணினிக்காரன் தேடிச் சொன்னான். "நாப்பத்தோரு பேர். அதுல முப்பத்து மூணு பேர் நம்ம ஆபீஸும் அவங்க ஆபீஸும்."

மிச்சம் எட்டு பேர். அதில் ஒன்று அக்கா வீடு.

சனிக்கிழமை படகுப் போட்டி நடந்தது. அக்காவின் கணவர் அனுப்பிய இணைப்பைப் பெற்றோர்கள் திறந்து பார்த்தபோது தளத்தில் ஊரே இல்லை. "எங்கே சிவப்பு? காட்டுங்க பார்ப்போம்" என்றார்கள். மச்சினியின் வேலை அது என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, அக்காள் தங்கை சேர்ந்து ஊர்ப் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுகிறார்கள் என்று பேச்சு பரவியது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் துறையில் ஒரு நாள்கூட வகுப்பை நிறுத்தாத இன்னொரு ஆசிரியரிடம் விட்டார்கள். அங்கே ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வாந்தியும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்தன. மருத்துவமனையில் வெயில் என்றார்கள். வேறு என்ன என்று சொல்ல அவர்களிடம் எந்த எண்ணும் இல்லை.

துறைமுக ஆய்வகம் பழுதுபார்ப்புக்கு என்று பூட்டப்பட்டது. பாட்டில் சாரைப் பிறப்புப் பதிவு ஜன்னலுக்கு மாற்றினார்கள். தென்கரையிலும் பத்துப் புள்ளிகள் வெகுநாள் நிற்கவில்லை. பாதி ஏரிக்கு எதற்குப் படம் என்று மேலிடத்தில் கேட்டார்களாம். அடுத்த மாதம் முதல் 'தளம் மேம்படுத்தப்படுகிறது' என்ற வரி மட்டும் இருந்தது. அவளைத் தபால் பிரிவுக்கு அனுப்பினார்கள். வேலை போகவில்லையே என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள்.

ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு படகேறி வடகரைக்குப் போனாள். முதலில் பதிவு அலுவலகத்துக்குத்தான் போனாள். நெட்டையான, கனத்த மனிதர் ஒருவரை மனத்தில் வைத்திருந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் ஒல்லியாக, குள்ளமாக ஒருவர் குழந்தைகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். குரல் கேட்டதும்தான் அடையாளம் தெரிந்தது.

"என்னாலதான் சார் உங்களுக்கு இந்த நிலைமை."

"அட, விடும்மா. நான் அனுப்பினது சரி, நீ போட்டதும் சரி." பேனாவை மூடினார். "தப்பு பண்ணியிருந்தாலாவது அடுத்த தடவை திருத்திக்கலாம்."

"ஒரு பாட்டில் மட்டும் எடுத்து, தெரிஞ்ச இடத்துல எங்கேயாவது..."

"எங்கே? சோதிக்கிற மருந்து ஆய்வகத்துக்குள்ள பூட்டிக் கிடக்கு. அதோட தேதியும் போன மாசமே முடிஞ்சிருக்கும்." பின்னால் வரிசை நீண்டிருந்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி இருமிக் காட்டினாள். அவர் அவளுடைய காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

அக்கா கதவைத் திறந்து, வா என்றாள். அதற்கு மேல் பேச்சு இல்லை. முன்பெல்லாம் வாசலிலேயே பாதிக் கதையைக் கொட்டிவிடுகிறவள். சாப்பாடு போட்டாள், மறுசோறு வேண்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். அக்காவின் கணவர் கூடத்தில் மிதவைப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திறக்கிறீங்களா மாமா?"

"நாளைக்கு. பதினோரு பேர் திரும்பி வந்திருக்காங்க. எத்தனை நாள்தான் வீட்டுல உட்கார்ந்திருக்கிறது?" அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தண்ணி இப்போ தெளிஞ்சுடுச்சு. அடிமண்ணு தெரியுது."

"தெளிவா இருக்கிறப்பவும் நஞ்சு இருக்கும் மாமா. கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது."

"அப்போ எதால பார்த்துச் சொல்றது?"

உள்ளறையிலிருந்து அக்கா மகள் ஓடி வந்தாள், கையில் புது நீச்சல் கண்ணாடி. "சித்தி, நாளைக்கு நானும் போறேன். ரெண்டு மாசம் ஆகப்போகுது, எல்லாம் மறந்தே போயிருக்கும்."

அக்கா பாத்திரத்தை வைத்துவிட்டுத் தங்கையின் எதிரே வந்து நின்றாள். இத்தனை நேரத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். கோபம் வடிந்துபோயிருந்தது.

"நடந்தது நடந்துபோச்சு. இப்போ சொல்லு. இறக்கலாமா, வேண்டாமா?"

"தெரியலைக்கா."

"உனக்குத் தெரியாதா? வேற யாருக்குத் தெரியும்?"

"இப்போ யாருக்கும் தெரியாதுக்கா."

அக்கா தன் மகளின் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி, வாரைக் கொஞ்சம் தளர்த்தி, தலையில் மாட்டி அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.