பதினேழாம் வார்டின் நிறம்

பதினேழாம் வார்டில் எடை மெஷின்கள் எண் காட்டாமல் போனது ஒரு திங்கட்கிழமை காலையில். அன்று வெங்காயம் விலை இறங்கியிருந்தது, கடையில் கூட்டம் இருந்தது, அதனால் விஷயம் உடனே தெரிந்துவிட்டது. கடைக்காரர் தட்டில் வெங்காயத்தைக் கொட்டினார், எண் வரவில்லை. இன்னும் கொட்டினார், வரவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து பதினாறாம் வார்டுக்குப் போனார். அங்கே வெங்காயத்துக்கு எடை வந்தது. சந்தேகம் தீராமல் தானே ஏறி நின்றார், அவருக்கு வரவில்லை. அவர் வீடு பதினேழில் இருந்ததுதான் காரணம் என்பது மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் புரிந்தது. அந்த வார்டுக்காரர்களின் மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தால் டேப்பின் எண்கள் அழிந்தன, எடுத்தால் திரும்பி வந்தன. தையல்காரர் கண்ணாலேயே பார்த்து வெட்டினார், சட்டைகள் சுமாராகத்தான் அமைந்தன. மின்சார மீட்டர்கள் நின்றுபோனதில் ஜனங்களுக்குப் பரம சந்தோஷம். அந்த வார்டில் அதன் பிறகு அளக்க முடிந்தது கதை ஒன்றைத்தான். அதை வழக்கத்துக்கு மேலேயே அளந்தார்கள்.

இதற்கெல்லாம் காரணமானவள் ஐந்தாம் வார்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். பாஸ்போர்ட் படத்தில் பரு எடுப்பது, பின்னணியை நீலத்திலிருந்து வெள்ளையாக்குவது, லேமினேஷன் போடுவது அவள் வேலை. ஆள் வராத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு வரைபடம் வரைந்து கொடுப்பாள். காசு கிடையாது, பெயரும் கிடையாது. கட்டுரை எழுதுகிறவர்கள் ஒரு வேண்டுகோள் பக்கத்தில் கேட்டுவைப்பார்கள்: இந்த ஆறு எங்கே போகிறது, அந்தப் பறவை எங்கே முட்டையிடுகிறது, பழைய படையெடுப்பு எந்த வழியாக வந்தது. பல ஊர்களில் இருந்த பத்துப் பதினைந்து பேர் அதை வரைந்து கொடுத்தார்கள், அந்தக் கூட்டத்துக்குப் படப் பட்டறை என்று பெயர். அதில் ஒருவர் ஆறு மட்டும்தான் வரைவார். இன்னொருவர் வருடக்கணக்காக எல்லைக்கோடுகளை மட்டும் திருத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சரிபார்க்கிறவருக்கு அவர்கள் வைத்த பெயர் சான்று சார். காலை வணக்கம் சொன்னால்கூட அதற்குச் சான்று கேட்பார் என்று கேலி உண்டு. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. “சம்பளம் தராத வேலைக்கு இவ்ளோ கண்ணு வலியா?” என்று தங்கையின் வீட்டுக்காரன் கேட்பான், அவன் வெல்டர். அவளுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் பாடம் நடத்துவாள், பாடமும் எப்போதும் ஒன்றேதான்: “பூஜ்யம் வேற, தெரியாதது வேற. பூஜ்யத்துக்கு வெளிர் மஞ்சள். தெரியாததுக்குச் சாம்பல், கீழே ‘தரவு இல்லை’ன்னு போடணும். ரெண்டையும் மாத்திப் போட்டா நீங்க பொய் சொல்றீங்கன்னு அர்த்தம்.”

ஒரு நாள் அவள் ஊரின் படத்துக்கே ஒரு வேண்டுகோள் வந்தது. ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள், வார்டு வாரியாக. நகராட்சி அறிக்கையில் எண்கள் இருந்தன. அவள் வெளிர் மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு, சிவப்பு, அடர்சிவப்பு என்று வார்டு வார்டாக நிரப்பிக்கொண்டே வந்தாள். கடைசியில் பதினேழு நின்றது. அந்த எண் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. அங்கே குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடுகிறது என்பது ஊரறிந்த விஷயம், ஆனால் ஊரறிந்ததை யாரும் அந்த எண்ணோடு சேர்த்துப் பார்த்ததில்லை. அந்த வார்டில்தான் அவள் தங்கை குடியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்து, இப்போது ஐந்தாம் மாதம். அக்கா போடுகிற ஒவ்வொரு படத்தையும் போனில் திறந்து பார்த்துவிட்டு, “இந்த நீலம் ரொம்ப அழுத்தம்க்கா” என்று குறை சொல்வது தங்கையின் வழக்கம். இந்தப் படத்தையும் பார்ப்பாள். பார்த்தால் தன் வீடு அடர்சிவப்புக்குள் இருப்பது தெரியும். அக்கா அந்த வார்டின் மேல் சாம்பலைக் கொட்டினாள். பிரசவம் முடியட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதுதான். படத்தைப் பதிவேற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கை பார்த்துவிட்டு, “நம்ம வார்டை ஏன்க்கா விட்டுட்டே?” என்று கேட்டாள். “கணக்கு கிடைக்கலடீ” என்றாள் அக்கா. மறுநாள் காலையில்தான் வெங்காயக் கடையில் தராசு நின்றது.

நல்ல படம் என்றால் நாலு பேர் எடுத்துப் போடத்தான் செய்வார்கள். செய்தித்தாள் போட்டது, ஒரு கல்லூரிப் பாடத்தில் வந்தது, கடைசியில் நகராட்சியே தன் அறிக்கையைத் திருத்தி வெளியிட்டபோது புதிதாகப் படம் வரையச் சோம்பல்பட்டு இதையே எடுத்து ஒட்டிக்கொண்டது. பழைய அறிக்கையை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த வருடம் குழாய் மாற்றப் பணம் வந்தது. அடர்சிவப்பு வார்டுகளுக்கு முதலில் என்று முடிவானது. பதினேழு அந்த வரிசையிலேயே இல்லை. குழாய்ப் பிரிவு இன்ஜினியரிடம் வார்டுக்காரர்கள் போய்க் கேட்டார்கள். அவர் படத்தைத் திருப்பிக் காட்டி, “உங்க வார்டுல பிரச்சினை இல்லைன்னு நான் சொல்லலை. இருக்குன்னும் யாரும் சொல்லலை, பாருங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா குழந்தையைத் தராசில் கிடத்தினார், எண் வரவில்லை. கையில் தூக்கிப் பார்த்து, “ஒரு பெரிய தேங்காய் கனம் இருப்பா” என்று சொல்லி அதையே எழுதிக்கொண்டார். அந்த வார்டுக் குழந்தைகளுக்கு அப்போது அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாதம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது, கூடவே காய்ச்சல். தொட்டால் கை சுட்டது, தெர்மாமீட்டரில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கேயும் எடை வரவில்லை, சூடு வரவில்லை, நாடித்துடிப்பை எண்ணத் தொடங்கிய டாக்டருக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. அவர் நல்ல பெண்தான். “எடை தெரியாம நான் எவ்ளோ மருந்து ஏத்துறதும்மா? கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து” என்று தங்கையிடமே கேட்டார். உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுங்கள், விடாமல் கொடுங்கள் என்றார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று சொல்வது சுலபம். கைக்குழந்தைக்கு அந்தச் சாணும் முழமும்தான் உயிர்.

அக்காவுக்கு அங்கேதான் உறைத்தது. வராண்டாவில் தங்கை மடியில் குழந்தை கிடக்க, அவள் ஸ்டுடியோவுக்கு ஓடினாள். பழைய அறிக்கையைக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்தாள். திறந்தாள். எல்லா வார்டுகளுக்கும் எண் இருந்தது, பதினேழுக்கு எதிரில் மட்டும் வெள்ளையாக இருந்தது. அவளுக்கு அந்த எண் நன்றாகவே ஞாபகம் இருந்தது. படத்தைத் திறந்து வார்டை அடர்சிவப்பாக்கினாள். சில நிமிடங்களில் சான்று சார் அதைப் பழையபடி சாம்பலாக்கிவிட்டு, “சான்று?” என்று கேட்டிருந்தார். மறுபடி சிவப்பாக்கினாள், மறுபடி சாம்பலாக்கினார். நகராட்சியைக் கேளுங்கள் என்று இவள் எழுதினாள். நகராட்சி தரவு இல்லை என்கிறது, அதற்கு உங்கள் படத்தைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறது என்று அவர் எழுதினார். அப்படியானால் யாராவது போய் எண்ணட்டும் என்றாள். அங்கே எண்ண முடியவில்லையாமே என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் இப்போது பூசணிக்காயைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவள் எழுதிவிட்டாள். பட்டறையில் எல்லோரும் படிக்கும் இடத்தில், தன் கையாலேயே: “எண் இருந்துச்சு. நான்தான் மறைச்சேன். என் தங்கச்சி அங்க இருக்கா, அவ பயப்படக் கூடாதுன்னு மறைச்சேன். நான் போட்டது பொய். இப்ப அவ குழந்தை சாகக் கிடக்கு.” சான்று சார் வெகுநேரம் கழித்துப் பதில் போட்டார். “சிவப்பு இருக்கட்டும். பக்கத்துல ‘சான்று தேவை’ன்னு போடுறேன். இதுக்கு மேல விதி இடம் கொடுக்கலைம்மா.” அவர் ‘அம்மா’ என்று எழுதியதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த நிமிடமே ஆஸ்பத்திரித் தராசில் எண் வந்தது. தெர்மாமீட்டரில் வந்தது, நாடியில் வந்தது, பதினேழாம் வார்டில் மின்சார மீட்டர்கள் சுழலத் தொடங்கின. ஆனால் ஒவ்வொரு எண்ணின் தோளிலும் சின்ன எழுத்தில் ‘சான்று தேவை’ என்று ஒட்டியிருந்தது. டாக்டர் அதைப் பொருட்படுத்தாமல் எடையைப் பார்த்து மருந்தைக் கணக்கிட்டு ஏற்றினார். குழந்தை மறுநாள் சாயங்காலம் வரை இருந்தாள். ஒரு முறை கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் முன்னால் எடை தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இறப்புச் சீட்டில் குழந்தை இறந்துவிட்டது என்ற வரிக்குப் பக்கத்திலும் அந்தச் சின்ன எழுத்து இருந்தது. யாரும் எழுதவில்லை, அச்சில் அப்படியே வந்தது. தங்கை அதைப் படித்தாள். புதைத்துவிட்டு வந்த பிறகும் தொட்டிலை அவிழ்க்க விடவில்லை. பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்து வைப்பாள், புளித்ததும் கொட்டுவாள், மறுபடி வைப்பாள். வெல்டர் அழுதான், திட்டினான், பிறகு இரண்டையும் விட்டுவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தான். அக்கா வாசலுக்கு வந்தால் கதவு திறக்காது. ஒரு நாள் திறந்தது.

“சான்று இல்லாத வரியை யாரு வேணாலும் எடுத்துடலாம்னு நீதானே சொல்லுவே” என்றாள் தங்கை. “சீட்டுல அவ இறந்துட்டான்னு இருக்கே, அந்த வரியை எடுத்துடுக்கா.”

“என்னால முடியாதுடீ.”

“எனக்காகச் சாம்பல் பூசினே இல்ல? இப்ப எனக்காக இதைச் செய். நீ எனக்கு வேற ஒண்ணுமே செய்ய வேணாம்.”

அக்கா அப்போது எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊரில் இன்றும் பேச்சு உண்டு. தொட்டிலில் எடையில்லாத ஏதோ ஒன்று அசைந்திருக்கும் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அக்காவுக்கும் அது தெரியும், தங்கைக்கும் தெரியும், அதனால்தான் கேட்டாள். பெற்றவள் கேட்காமல் யார் கேட்பார்கள்? அக்கா மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதற்கிடையில் இன்ஜினியர் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, சிவப்புதான், ஆனால் உறுதியாகவில்லை, உறுதியாகாத வார்டில் குழாய் மாற்ற மேலிடம் கையெழுத்துப் போடாது என்றார். பதினேழில் மழைக்காலத்தில் இன்னும் சில குழந்தைகள் போயின. ஒவ்வொரு சீட்டிலும் சின்ன எழுத்து. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தொட்டில் அவிழாமல் தொங்கியது, தாய்மார்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பாலை எடுத்து வைத்தார்கள். சாயங்காலம் அந்தத் தெருக்களில் நடந்தால் புளித்த பால் வாடை அடிக்கும்.

எதிர்வீட்டுக்காரிக்கு எட்டாம் மாதம். ஒரு நாள் காலை குடத்தோடு தெருக்குழாய்க்கு வந்தவள், தண்ணீரைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள், முகத்தைச் சுளித்தாள், பிறகு வேறு வழியில்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தங்கை ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தாள். கையிலிருந்த பால் கிண்ணத்தைக் கீழே வைத்தாள், செருப்பைப் போட்டுக்கொண்டு ஐந்தாம் வார்டு வரை நடந்தாள். ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு ஒருவர் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கை அவரைத் தாண்டி நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்தாள்.

“எழுதிக்கோ” என்றாள். “என் பொண்ணு செத்துட்டா. அந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் செத்தா. யாரு சொன்னதுன்னு கேட்டா, அவளைப் பெத்தவ சொன்னான்னு போடு.”

அக்கா அதை அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல், படத்தின் கீழே தட்டினாள். தங்கை பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். முடிந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள், அன்றுதான் குழந்தை இறந்ததுபோல அழுதாள். பாஸ்போர்ட்காரர் எழுந்து சத்தமில்லாமல் வெளியே போய் நின்றுகொண்டார். அடுத்த நாட்களில் மற்றத் தாய்மார்களும் வந்தார்கள், பழைய வருடங்களில் இழந்தவர்களும் வந்தார்கள், கடை வாசலில் வரிசை நின்றது. ஒவ்வொருத்தியும் தன் வாயால் சொன்னாள், அக்கா ஒவ்வொன்றாக ஏற்றினாள். வாய்ச்சொல்லைக் கலைக்களஞ்சியம் ஏற்காது என்பது பட்டறைக்கே தெரிந்த விதி. சான்று சார் எல்லாவற்றையும் படித்தார். சாம்பலாக்கவில்லை. “சான்று போதும்” என்று எழுதிவிட்டு அந்தச் சின்ன எழுத்தைத் தன் கையாலேயே எடுத்தார். வார்டு முழுக்கத் தராசுகளிலிருந்தும் சீட்டுகளிலிருந்தும் அது உதிர்ந்தது. தொட்டில்களை அவிழ்த்தார்கள்.

குழாய் தோண்டும் ஆட்கள் எதிர்வீட்டுக்காரிக்குப் பிரசவமான வாரத்தில் வந்தார்கள். அவள் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். படம் இன்றும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது, பதினேழின் நிறம் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் வெளுக்கிறது. அக்காதான் வெளுக்கவைக்கிறாள், தங்கை பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அந்த வார்டில் எப்போதாவது ஒரு குழந்தை இறந்தால், பெற்றவள் தன் வாயால் சொல்லும் வரை அங்கே எந்தத் தராசும் அசையாது. கடைக்காரர்கள் மெஷினைத் தட்டிப் பார்ப்பதில்லை, யாரும் சலித்துக்கொள்வதும் இல்லை. எந்த வீடு என்று விசாரித்துக்கொண்டு போய், பைகளை ஓரமாக வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.