பன்னிரண்டு பேருக்கான வீடு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரிய தம்பி வீட்டுக் கூடத்தில் ஒரே கூச்சல். சின்னத் தம்பி, தங்கை என்று இரண்டு குடும்பமும் வந்து இறங்கியிருந்தன. பள்ளி விடுமுறையில் எல்லாரும் சேர்ந்து தீம் பார்க்குக்குப் போவது என்று முடிவாகி ஒரு மாதம் ஆகிவிட்டது. எங்கே தங்குவது என்பதுதான் முடிவாகவில்லை. பெரியவர்கள் ஏழு, பிள்ளைகள் ஆறு. பதின்மூன்று தலையை ஓரிடத்தில் படுக்கவைப்பது என்ன லேசான காரியமா?

அக்கா சமையலறையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். மூவருக்கும் மூத்தவள். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவளை மட்டும் யாரும் கேட்டதில்லை. பெரிய தம்பி வீட்டில் ‘கூட இருக்கிறாள்’ என்று பேர். காலையில் அந்த வீட்டு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். சாயங்காலம் ஓடிவந்து மறுபடி பற்றவைப்பாள். கூட இருப்பது என்றால் அதுதான்.

வேலை லாண்டரியில். ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தருவார்கள். அவற்றைச் சூடான உருளைகளுக்குள் கொடுத்து, மறுபக்கம் மொறுமொறுப்பாக வரும்போது பிடித்து மடிக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக மடிக்கிறாள். யார் யாரோ படுத்துப் புரள்கிற அந்த வெள்ளைத் துணியில் தானும் ஒரு நாள் படுக்க வேண்டும், எழுந்து அதை மடிக்காமல் கசக்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை. மேற்பார்வையாளரிடம் மூன்று தடவை கெஞ்சி நாலு நாள் லீவு வாங்கிவைத்திருந்தாள்.

தங்கையின் புருஷன் போனில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்று, பார்க் வாசலுக்கு எதிரிலேயே ஹோட்டல். அஞ்சு ரூம் எடுத்தால் போதும், காலைச் சாப்பாடும் அவர்களே போடுவார்கள். இன்னொன்று தனி வீடு, பார்க்கிலிருந்து அரை மணி நேரம். நீச்சல் குளம், தோட்டம், பெரிய சமையலறை. எல்லாக் கட்டிலிலும் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பூவை வைத்து வீட்டுக்காரர் படம் பிடித்திருந்தார். இப்படிப் பூவை வைத்துப் படம் பிடிக்கிறவன் பக்கத்தில் எதையோ மறைக்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கூடத்தில் பூவைத்தான் பார்த்தார்கள்.

பேச்சுக்கு அக்காவையும் கேட்டார்கள். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஹோட்டலே நல்லாயிருக்கும் என்றாள். உங்களுக்கு எங்கே இருந்தா என்னக்கா என்று தங்கை சிரித்தாள். வீடென்றால்தான் எல்லாரும் ஒன்றாக இருக்கலாம் என்றான் சின்னத் தம்பி. பிள்ளைகளுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றாள் பெரிய தம்பியின் மனைவி. அந்தப் பிள்ளைகள் முந்தின நாள்தான் வெளியே தின்றுவிட்டு வந்திருந்தன. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பெரிய தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். வண்டியை யார் ஓட்டினாலும் பிரேக் ஒன்று தன் காலடியில் இருக்க வேண்டும் அவனுக்கு. வீடுதான் என்று அவன் சொன்னதும் பேச்சு முடிந்தது. ஆனால் அந்த வீட்டில் பன்னிரண்டு பேருக்கு மேல் தங்கக் கூடாது என்று போட்டிருந்தது. மாப்பிள்ளை தயங்கினார். போனை இப்படிக் கொடுங்க என்று வாங்கி எதையோ தட்டினான் பெரிய தம்பி. வேலை முடிந்தது என்று திருப்பிக் கொடுத்தான். அக்கா டீ போடப் போனாள்.

டீ வருவதற்குள் வீட்டுக்காரர் கூப்பிட்டுவிட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார்.

“பன்னெண்டு விருந்தாளி, ஒரு வேலைக்காரம்மா. சரிதானே சார்? அந்தம்மாவுக்கு அடுப்படி பின்னால ஒரு ரூம் இருக்கு. கட்டில் கிடையாது, கீழதான் படுக்கணும். விரிப்பு அவங்களே கொண்டுவந்துடணும். குளத்துப் பக்கம் வரக் கூடாது.”

டீத் தட்டோடு அக்கா நிலைப்படியில் நின்றாள். வீட்டில் வேலைக்காரி யாரும் கிடையாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளை கையிலிருந்த போனுக்குக் கிட்டே குனிந்தாள்.

“ஐயா, உங்க வீட்ல சமையலுக்கு ஆள் இருக்காங்களா?”

“இருக்காங்கம்மா. ஏன்?”

“அவங்களுக்கு லீவு உண்டா?”

“ஞாயித்துக்கிழமை வரமாட்டாங்க. நீங்க யாரும்மா பேசறது?”

“நான்தான் அந்த வேலைக்காரம்மா” என்றாள். மாப்பிள்ளை அவசரமாகப் போனை அணைத்தார்.

பெரிய தம்பி முதலில் சிரித்துப் பார்த்தான். பேப்பர்ல போடறதுக்குத்தானே, போனதும் நீ எங்ககூடதானே இருக்கப் போற என்றான். எங்கே படுப்பேன் என்று அக்கா கேட்டாள். பன்னிரண்டு பேருக்கும் கட்டில் பங்கு போட்டாகிவிட்டது. பிள்ளைகளுக்குக்கூட யார் ஜன்னல் பக்கம் என்பது முடிவாகியிருந்தது.

“நான் வரலடா. பன்னெண்டு பேருக்குத்தானே வீடு.”

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பெரிய தம்பியின் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

“அப்ப அங்க சமைக்கறது யாரு அண்ணி?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. முகம் சுண்டிப்போயிற்று. பெரிய தம்பி மாப்பிள்ளை பக்கம் திரும்பி, இந்த வீட்டை ரத்து பண்ணிட்டு ஹோட்டலே போட்டுடுங்க என்றான். அக்காவைப் பார்க்க அவனால் முடியவில்லை.

“போடு. ஆனா எனக்காகப் போடறேன்னு சொல்லாத. சமைக்க ஆள் இல்லேன்னு போடற. நான் மொதல்ல சொன்னப்பவும் அதே ஹோட்டல் அங்கதான் இருந்துச்சு” என்றாள் அக்கா.

“தப்புதான்க்கா. வேலைக்காரின்னு எழுதியிருக்கக் கூடாது” என்றான் பெரிய தம்பி.

“எழுதினதுல எனக்கு வருத்தமில்ல. வேலை செஞ்சு பொழைக்கறது கேவலமா? நானும் லாண்டரியில அதத்தான் செய்யறேன். ஆனா அங்க கெஞ்சினா நாலு நாள் லீவு தர்றான். பிடிக்கலேன்னா நின்னுக்கலாம். இங்க அக்கான்னு ஒரு பேர வெச்சு, லீவும் இல்லாம, நின்னுக்கவும் வழியில்லாம வெச்சிருக்கீங்க. ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. ஒரு வீட்ல ஓய்வே இல்லாம ஒருத்தி இருந்தான்னா, மத்தவங்க அனுபவிக்கற ஓய்வு அவங்களோடது இல்ல. அவகிட்டயிருந்து பிடுங்கினது.”