‘நில்லு’ என்று சொன்னது யார்?

மரியாத்துன் தன் நாடகத்துக்கு இரண்டே விதிகள் வைத்திருந்தாள். பார்க்கிறவர்களில் யாருக்காவது பொறுக்கவில்லை என்றால் “நில்லு” என்று சொல்லலாம். ஆடுகிறவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். சொன்னவர் எழுந்து வந்து, அகப்பட்டவளின் இடத்தில் நின்று, தான் என்ன செய்திருப்பார் என்று செய்து காட்ட வேண்டும். இது முதல் விதி. அகப்படுத்துகிறவனின் இடத்துக்கு மட்டும் யாரும் வரக்கூடாது என்பது இரண்டாவது. பின்னே? கெட்டவன் வேஷத்தை ஒருத்தர் வாங்கி நல்லவனாகிவிட்டால் நாடகம் முடிந்துவிடும், ஊர் மட்டும் அப்படியே இருக்கும். இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் பதினோரு ஊர்களில் கட்டிக்காத்த அந்த விதியைத் தன் சொந்த ஊரில் மீறினாள், பாவி.

நாடகம் மெராரிக் என்ற கல்யாண வழக்கம் பற்றியது. பையன் பெண்ணைக் கூட்டிப்போய் ஒரு ராத்திரி வைத்துக்கொண்டால், அப்புறம் கல்யாணம்தான். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு போவதுதான் வழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பேசிவைக்காமல் தூக்கப்பட்டவளை யாரும் கேட்டதில்லை. மரியாத்துனையும் கேட்டதில்லை. அவளுக்கு அப்போது பதினைந்து வயது.

அக்கா மகள் ஜொஹ்ராவுக்கும் இப்போது பதினைந்து. மூன்று வாரத்தில் பரீட்சை, தேறினால் பிராயா நகரத்தில் நர்ஸ் படிப்பு. மலேசியாவில் செம்பனைத் தோட்ட வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய சஹாருதீன் இரண்டு மாதமாக அவள் பள்ளி வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஊர் முன்னால் ஒரு தடவை வாய்விட்டு ‘மாட்டேன்’ என்று சொல்லிவிடு, அப்புறம் எவனும் கிட்டே வரமாட்டான் என்று மரியாத்துன்தான் அவளைத் தூண்டினாள். கூச்ச சுபாவக்காரி. நாலு நாள் கெஞ்சித்தான் ஒத்துக்கொண்டாள்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து, நெல் காயப்போடும் களத்தில் ஊர் கூடியது. தூக்குகிறவன் வேஷம் நாடகக் குழுவைச் சேர்ந்த ஹம்திக்கு. அவன் பெண்ணின் கையைப் பிடித்ததும் ஜொஹ்ரா “நில்லு” என்று எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் இடத்தில் நின்றாள்.

பின்னாலிருந்து சஹாருதீன் குரல் கொடுத்தான். “ஹம்திக்குப் பொண்ணு தூக்கவே தெரியலக்கா. நான் வரட்டுமா?”

களம் முழுக்கச் சிரிப்பு. கூடாது என்று மரியாத்துன் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பதினோரு ஊரிலும் ஆம்பிளைகள் பின்வரிசையில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்களே தவிர, ஒருத்தன்கூட மேடைப்பக்கம் வந்ததில்லை. இதோ, ஒருத்தன் வருகிறேன் என்கிறான். ஆசை கண்ணை மறைத்தது. ஜொஹ்ரா சித்தியின் முகத்தைப் பார்த்தாள். சித்தி சரி என்று தலையை ஆட்டினாள்.

அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

“எனக்குப் பரீட்சை இருக்கு. கைய விடுங்க. நான் வரமாட்டேன்.”

தெளிவாகச் சொன்னாள். பெண்கள் கை தட்டினார்கள். மரியாத்துனுக்குக் கண் கலங்கிவிட்டது. சஹாருதீன் அவளை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தான். பிரமாதமாக நடிக்கிறான் என்று கூட்டம் வழிவிட்டது. களத்தின் ஓரத்தில் அவன் கூட்டாளி வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தான்.

“நில்லு” என்று ஒரு குரல் கேட்டது.

பதினோரு ஊர்ப் பழக்கம். மரியாத்துன் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “யாரு சொன்னது? முன்னால வாங்க.”

யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கேட்டது. “வெக்கப்படாதீங்க. யாரு?” என்றாள் சிரித்துக்கொண்டே. மூன்றாவது தடவை அந்தக் குரல் வண்டிச் சத்தத்தோடு வந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது புழுதிதான் இருந்தது.

ஊர்த்தலைவர் அமாக் சமின் வீட்டுக்கு ஓடினாள். அதற்குள் பையன் வீட்டிலிருந்து முறைப்படி சேதி சொல்ல ஆள் வந்து உட்கார்ந்திருந்தது. ராத்திரியில்தான் தூக்க வேண்டும், பகலில் தூக்கியது தப்பு, அதற்கு அபராதம் உண்டு என்று தலைவர் கறாராகச் சொன்னார். வேறு தப்பு எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

“அவளா எழுந்து வந்தா. ஊரே கை தட்டுச்சு. இதுக்கு மேல சம்மதம்னா என்னம்மா?”

“அமாக், அது நாடகம்.”

“பையன் நாடகம் ஆடலயே.”

திருப்பிக் கூட்டிவந்தால் நாளைக்கு அவளை எவன் கட்டுவான் என்று அங்கே வந்திருந்த ஜொஹ்ராவின் அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார். அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்கவும் மறுத்துவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் கூட்டிவந்துவிட வேண்டும் என்று மரியாத்துன் தனியாகவே போனாள். சஹாருதீன் வீட்டில் பெண்கள் கல்யாணத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். அவளை யாரும் தடுக்கவில்லை. பெண்ணின் அப்பா தலையசைத்துவிட்டார் என்ற சேதி அவளுக்கு முன்னாலேயே அங்கே வந்துவிட்டிருந்தது.

உள்ளறையில் ஜொஹ்ரா பாயில் உட்கார்ந்திருந்தாள். யாரோ புதுக் கைலி உடுத்திவிட்டிருந்தார்கள். மணிக்கட்டு சிவந்து கிடந்தது.

“எந்திரி, போலாம்.”

“எங்க சித்தி? அப்பா கதவத் திறப்பாரா?”

மரியாத்துன் நீட்டிய கையை இறக்கினாள்.

“மூணு தடவ சொன்னேன்,” என்றாள் ஜொஹ்ரா. அழவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மரியாத்துன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை, அதே வார்த்தைகளில், அந்தப் பெண் கேட்டாள். “நான் வேற என்ன செஞ்சிருக்கலாம்? யாராவது வந்து செஞ்சு காட்டுங்க.”

வெளியே பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஆரம்பித்தது. மரியாத்துன் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.