எண்ணெய் குடித்த மரம்

1964 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர் கிளப் ஒன்றில் பில்லியர்ட்ஸ் ஆடும் இங்கிலாந்துக் குச்சி ஒன்று கைப்பிடிக்குச் சற்று மேலே உடைந்தது.

குச்சிக்குச் சொந்தக்காரர் திருமூர்த்தி. வீரபாண்டியில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். வெளிநாட்டிலிருந்து புதுசு வரவழைப்பது அன்றைக்குக் கல்லில் நார் உரிக்கிற வேலை. உடைந்ததைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு மங்கலத்துக்குப் போய், சலாவுதீனின் மரப்பட்டறையில் வைத்தார்.

சலாவுதீன் விசைத்தறிக்கு நாடா செய்பவர். ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிற கட்டை அது. பதினாலு வருஷமாக அதே வேலை. ஓடுகிற நாடாவை யார் செய்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை மரத்தின் அடியை நாலு பக்கமும் நீள ஆப்பாகச் சீவி, பக்கத்துக்கு ஒன்றாகக் கருமரம் ஒட்டி, உருட்டி இழைத்திருந்தார்கள். கறுப்பும் வெள்ளையும் ஒன்றுக்குள் ஒன்று கூர்கூராக ஏறி நின்றன. ஓர் ஆணி இல்லை.

“இதாட்டம் ஒண்ணு வேணும் ராவுத்தரே. ஏப்ரல் இருவத்தாறு கோயமுத்தூர்க்காரங்க ஆட வர்றாங்க. இது நின்னுருச்சுன்னா கிளப்புக்கு இன்னும் எட்டுக் குச்சி உங்ககிட்டத்தானுங்க.”

அந்த எட்டின் மேல் சலாவுதீனுக்கு ஆசை விழுந்துவிட்டது. கையில் எடுக்கிறவன் யார் செய்தது என்று கேட்கிற சாமான் அது.

நாடாவுக்கென்று மாதக்கணக்கில் எண்ணெயில் ஊறிய கட்டைகள் பட்டறையில் கிடந்தன. ஊறினால்தான் நாடா வெடிக்காது, வழுக்கி ஓடும். அதிலேயே உசத்தியாகப் பொறுக்கிச் சீவினார். வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, கயிறு இறுக்கி, பத்து நாளில் முடித்துக் கிளப்புக்குக் கொண்டுபோனார். எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். திருமூர்த்தி ஆடினார். ஏழாவது அடியில் ஆப்பு ஒன்று வாயைப் பிளந்தது, அடுத்ததில் இன்னொன்று.

“ஏனுங்க ராவுத்தரே, இது குச்சிங்களா, சீப்புங்களா?” என்றார் அரிசி மில் ஆத்தப்பன். மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. திருமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் சலாவுதீனுக்குச் சுட்டது.

வீட்டுக்கு வந்து உளியால் சுரண்டினார். வஜ்ஜிரம் வெங்காயத் தோலாட்டம் முழுசாக உரிந்து வந்தது. மரத்தில் ஒரு பொட்டுக்கூடப் பிடிக்கவில்லை.

தோசை ஊற்றிக்கொண்டிருந்த மனைவி ஜுபைதா எட்டிப் பார்த்தாள். “எண்ணெய்க் கட்டையிலயா ஒட்டுனீங்க? நா எதுக்குக் கல்லுக்கு எண்ணெ தடவறனுங்க? ஒட்டாம வரத்தான?”

சலாவுதீன் தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளைக்கு, ஊறாத மஞ்சக்கடம்பு மரக்கடையில் கிடைக்கும். காய்ந்த கருங்காலிக்கு எங்கே போவது? பட்டறையில் இருந்ததெல்லாம் எண்ணெய் குடித்தது. அவர் பார்வை கட்டிலுக்குப் போனது. அவள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த கருங்காலிக் கால் கட்டில்.

“என்னத்தப் பாக்கறீங்கன்னு தெரியுதுங்க. ஒரு கால்தான். அந்த மூலைக்குச் செங்கல் வச்சுக்கலாம். ஆனா அது உங்க பக்கத்து மூலை.”

மறுநாளே வீரபாண்டிக்குப் போய், கம்பெனி வாசலில் நின்று, எங்கே தப்பு என்று ஒளிக்காமல் சொன்னார். இன்னொரு தடவை கேட்டார்.

திருமூர்த்தி அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். “எங்கிட்ட எத்தனையோ சாயக்காரங்க வந்திருக்காங்க. சாயம் போனா தண்ணி சரியில்லைம்பாங்க, வெயில் சரியில்லைம்பாங்க. என் தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்லீங்க. இருவத்தஞ்சாந்தேதிக்குள்ள கொண்டாங்க.”

இந்தத் தடவை உலர்ந்த மரத்தை ஒட்டி, மூன்று வாரம் கயிற்றை அவிழ்க்கவில்லை. இழைத்து முடித்த பிறகுதான், மேலோடு ஒரு துணியால் எண்ணெய் தொட்டுத் தேய்த்தார்.

ஏப்ரல் 26 அன்று திருப்பூர் பதினோரு பாயின்ட்டில் தோற்றது. ஆனால் குச்சியில் ஓர் ஆப்புக்கூட வாய் பிளக்கவில்லை. கோயமுத்தூர் ஆட்டக்காரர் ஒருவர் குச்சியை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார்.

மே மாதம் கிளப் எட்டுக் குச்சிகளுக்குச் சொல்லி அனுப்பியது. முதலாவதை ஆத்தப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார். கட்டிலின் நாலாவது மூலை அந்த வருஷம் முழுக்கச் செங்கல் மேல்தான் நின்றது.