வாங்குவதா, வெட்டுவதா

சிவபாதத்திடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, இன்னொரு கேள்விதான் வரும். தேத்தண்ணியா கோப்பியா என்றால் "நீர் என்ன குடிக்கப்போறீர்?" என்பார். கனடாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் பனிக்கு ஒழுங்கான சப்பாத்து ஒன்று அவரிடம் இல்லாததற்குக் காரணம் வறுமை இல்லை, கடையில் இரண்டு நிறம் இருந்ததுதான். அப்படிப்பட்ட மனிதரின் தலையில் போய், பியர் காய்ச்சப் பெரிய சட்டி ஒன்றை வாங்குவதா, செய்வதா என்ற கேள்வி விழுந்தது.

தூக்கிப் போட்டவன் றொபேட். பிறம்ரனில் இருவருக்கும் ஒரே வெயர்ஹவுஸில் வேலை. றொபேட் வயதில் மூத்தவன்தான், ஆனால் சிநேகிதத்தில் வயது பார்ப்பார்களா என்ன? சனிக்கிழமைகளில் சிவபாதத்தின் ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்டுக்கு வந்து, பார்லியை ஊறவைப்பது, வடிப்பது, ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைப்பது எல்லாம் பழக்கிவிட்டவன் அவன். தனி ஆள். ஜனவரி முடிய பென்சன் எடுத்துக்கொண்டு நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் தமக்கையிடம் போகிறான். வெயர்ஹவுஸில் அவனுக்கு ஒரு பிரியாவிடை வைப்பார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் தங்கள் பியரையே ஊற்ற வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். இந்த நாட்டில் சிநேகிதன் என்று சிவபாதத்துக்கு வாய்த்தது அவன் ஒருவன். அவனை வெறுமனே அனுப்ப அவருக்கு மனமில்லை.

இருந்த சட்டியில் பத்துப் பேருக்குக்கூடக் காணாது. அந்தச் சட்டிக்கும் ஒரு கதை உண்டு. மனைவி புனிதவதியின் குசினியில் பாத்திரங்கள் இரண்டு வகை. மீனும் இறைச்சியும் காய்ச்சுகிற மச்சச் சட்டிகள் கீழ்த்தட்டில், வெள்ளிக்கிழமைக்கும் விரதத்துக்கும் உரிய சைவச் சட்டிகள் மேல்தட்டில். முதல்முறை பியர் காய்ச்சியபோது மனுசன் கைக்கு எட்டியதை எடுத்துவிட்டார். எட்டியது சைவச் சட்டி.

"இதில மச்சம் எங்க கிடக்கு? பார்லி, தண்ணி, ஒரு பூ. அவ்வளவுதானே?" என்று கேட்டார்.

"குடிவகை சைவமோ?" என்றாள் புனிதவதி. கேட்டுவிட்டு அவளும் கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கே விளங்கவில்லை. சட்டி மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை, பேஸ்மென்டோடு போய்விட்டது.

றொபேட்டுக்குச் சந்தேகமே இல்லை. "செய்வோம். என்னிடம் நசுங்கிய பியர் பீப்பா ஒன்று இருக்கிறது, நல்ல எவர்சில்வர். மேல்பக்கத்தை வட்டமாக வெட்டி எடுத்து, அடியில் ஒரு குழாய் பூட்டினால் முடிந்தது. ஒரு நாள் வேலை, சிவா."

புனிதவதியின் தமையன் பத்மநாதனுக்கும் சந்தேகமே இல்லை. அவர் அஜின்கோர்ட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். "விசர்க்கதை கதையாதை, மச்சான். பீப்பாவை வெட்டிக் கையையும் வெட்டப்போறியே? கடைச்சாமான் விக்கிற இடத்தில அறுபது லீற்றர் சட்டி மூடியோட கிடக்கு. வா, காட்டுறன்."

இருவர் சொல்வதும் சிவபாதத்துக்குச் சரியாகத்தான் பட்டது. வாங்கினால் அடி மெல்லிசாக இருந்து பிடித்துவிடுமோ? வெட்டினால் விளிம்பு கையைக் கிழிக்குமோ? கோயிலில் கேட்டார், பஸ்ஸில் கேட்டார். பல்லுப் பிடுங்கப் போன இடத்தில், வாய் விறைத்துக் கிடக்கும்போதே டொக்டரிடம் கேட்டார். பாவம், அந்த ஆள் வேறு ஏதோ நினைத்து இன்னொரு ஊசி போட்டுவிட்டார். புரட்டாதியில் பிடித்த யோசனை மார்கழியிலும் விட்டபாடில்லை. அதே புரட்டாதியிலிருந்து றொபேட் பேஸ்மென்டில் ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சிச் சோடா மட்டுமே குடித்துக்கொண்டிருந்தான். "வயிறு சரியில்லை" என்றான். சட்டி யோசனையில் இருந்த சிவபாதம் அதற்கு மேல் கேட்கவில்லை.

பியர் புளித்துத் தெளிந்து போத்தலில் அடங்க இரண்டு கிழமையாவது வேண்டும். கணக்குப் பார்த்தால் ஜனவரி மாதத்து இரண்டாம் சனிக்கிழமையை விட்டால் பிரியாவிடைக்குப் பியர் காய்ச்ச வேறு நாள் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்மநாதன் வந்து ஆளைக் காருக்குள் ஏற்றி, கொண்டுபோய்ச் சட்டியை வாங்க வைத்தார். சிவபாதம் கடைக்காரனிடம் ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டார். "ஸ்டிக்கர் உரிக்காவிட்டால் திரும்ப எடுப்பீர்கள்தானே?" எடுப்போம் என்றான். உச்சி குளிர்ந்து போனது அவருக்கு. வீட்டுக்கு வந்து சட்டியைக் கராஜுக்குள் வைத்துவிட்டு, றொபேட்டுக்குப் போன் போட்டு, நாளைக்கு அந்தப் பீப்பாவையும் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாமே!

நாளைக்கு என்ன நாள் என்பதைத்தான் மனுசன் மறந்துபோனார்.

விடிய எழும்பியபோது பக்கத்தில் புனிதவதி இல்லை. வெளியே கர்ப்பூரம் மணத்தது. யன்னலால் எட்டிப் பார்த்தார். ட்ரைவ்வேயில் பனி வழித்த இடத்தில் மாக்கோலம். கோலத்துக்கு நடுவில் அவர் பியர் காய்ச்சும் காஸ் அடுப்பு, நீலமாக எரிகிறது. அடுப்பின் மேல் புதுச்சட்டி. கழுத்தில் மஞ்சளும் இஞ்சியும் கட்டி, திருநீறு பூசி, ஸ்டிக்கர் எல்லாம் உரித்து.

சேட்டுக்கு மேல் ஜாக்கெட்டைக் கொழுவிக்கொண்டு ஓடினார்.

"இஞ்சாருங்கோ, கெதியா வாங்கோ, பொங்கப்போகுது" என்றாள் புனிதவதி. குளிரில் மூக்கு சிவந்திருந்தது. "பொங்கலை மறந்துபோனியள் எண்டெல்லோ நினைச்சன். புதுச்சட்டி வாங்கிக் கராஜுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிறியள். ஒரு வார்த்தை சொல்லேல்லை!"

சிவபாதம் ஸ்டிக்கர் எங்கே கிடக்கிறதென்று கீழே பார்த்தார்.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்ததே இல்லை. குசினி அடுப்பில் நுரை எழும்பினால் உடனே தணிக்க வேண்டும், வழிந்து கருகினால் ஸ்மோக் அலாரம் கத்தும். அப்பார்ட்மென்டில் இருந்த காலத்தில் ஒருமுறை தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் புனிதவதி கரண்டியோடு நின்று பாலைப் பொங்கவிடாமல் பார்த்துக்கொள்வாள். இன்றைக்கு வாளி வாளியாகத் தண்ணீரும் பாலும் ஊற்றி, விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தாள். எதிர்வீட்டுக் கூரைக்கு மேல் சூரியன் தலைகாட்டிய நேரம் நுரை எழும்பி, நின்று, கிழக்குப் பக்கமாக வழிந்து பனியில் கொட்டியது.

"வழிஞ்சிட்டுது! கிழக்கால வழிஞ்சிட்டுது!" புனிதவதி கைதட்டினாள், அழுதாள், உடனே கண்ணைத் துடைத்துவிட்டுக் கூடுதலாக நின்ற தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிவிட்டு அரிசியைப் போட்டாள். சிவபாதத்துக்குச் சந்தோசமும் வந்தது, கடையும் நினைவுக்கு வந்தது. இந்தச் சட்டியை இனி எந்தக் கடைக்காரன் எடுப்பான்?

பொங்கல் இறக்கிப் படைத்து முடிய றொபேட்டின் பழைய வான் வந்து நின்றது. ஒரு கையில் பார்லி மூட்டை, மறு கையில் இரும்பு வெட்டுகிற கிரைண்டர். புனிதவதி மூட்டையைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், கடைசியில் புருசனைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. அவள் ஒன்றும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"உங்களுக்குத்தான் வாங்கினதெண்டால் கழுவித் தாறன்" என்றாள் மெல்ல. "சொல்லுங்கோ. நீங்கள்தான் சொல்லவேணும்."

சிவபாதத்தின் தலைக்குள் எல்லாம் சுற்றியது. சட்டியைக் கேட்டால் இன்றைக்கே காய்ச்சலாம், றொபேட்டுக்குப் பியர் உண்டு. கேட்காவிட்டால் பீப்பாவை வெட்டவே பொழுது போய்விடும், பியர் இல்லை. ஆரைக் கேட்கலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கேட்கக்கூடிய இருவரும் எதிரிலேயே நின்றார்கள்.

"வேண்டாம்" என்றார். "பொங்கின சட்டி. உள்ள கொண்டுபோம்."

அவள் உள்ளே போனதும் றொபேட்டிடம் திரும்பினார். அவன் கார்ட்போர்ட் தட்டில் பொங்கலை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "என்னை மன்னித்துக்கொள், றொபேட். நாலு மாதம் யோசித்து யோசித்து உன் பியரைக் கெடுத்துவிட்டேன். இனி நீ போவதற்குள் ஆகாது."

றொபேட் முந்திரிவற்றலைப் பொறுக்கி வாயில் போட்டான். "நான் குடியை விட்டுவிட்டேன், சிவா. புரட்டாதியில் டொக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஈரல் சரியில்லை."

சிவபாதத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அப்ப... ஏன் பீப்பா? ஏன் செய்வோம் செய்வோம் என்று நின்றாய்?"

"சட்டியை நீ தனியே போய் வாங்கிவிடுவாய்" என்றான் றொபேட். "பீப்பா வெட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வெட்ட, ஒருவன் பிடிக்க. ஒரு முழுநாள் எடுக்கும். பிரியாவிடைக்குப் பியர் கடையில் வாங்கலாம்."

அவன் இதைப் புரட்டாதியிலேயே சொல்லியிருந்தால் எத்தனை சனிக்கிழமை மிஞ்சியிருக்கும் என்று சிவபாதம் நினைத்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. ஊரெல்லாம் கேட்டவர், அவனை மட்டும் ஏன் என்று ஒருமுறை கேட்கவில்லை. அப்படியே போய் வானைத் திறந்து, பீப்பாவை இறக்கி, கோலத்துக்குத் தள்ளிச் சாய்த்து வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

கிரைண்டர் சத்தத்துக்குப் புனிதவதி கராஜ் வாசலுக்கு வந்தாள். பொறி பறந்து பனியில் விழுந்து அணைந்துகொண்டிருந்தது.

"அதென்ன, இன்னொரு சட்டியோ?" என்று சத்தம் போட்டுக் கேட்டாள். "அதை எங்க வைக்கிறது? மேல்தட்டிலயோ, கீழ்த்தட்டிலயோ? சைவமோ, மச்சமோ?"

சிவபாதம் பிடியை விடாமல், நிமிராமல், உடனே சொன்னார்.

"உது றொபேட்டின்ர சட்டி."